தாண்டிப் போன ஒன்பது நிமிடம்

தியேட்டர் மேனேஜர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், ஒரு படம் ஓடுமா ஓடாதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" தாம்பரம் பக்கம் மூன்று தியேட்டர்களில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியும் எனக்கு அது தெரியாது. தெரிந்த மாதிரி நடந்துகொண்ட ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இதில் நான் நல்ல பெயர் வாங்கும் இடம் எதுவும் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

1. முதல் நாள்

வெளிநாட்டு சூப்பர்ஹீரோ படம், தமிழ் டப்பிங். ஒன்பது மணிக் காட்சிக்கு எட்டு மணிக்கே கேட்டில் நிற்க இடமில்லை. நாலு பேர் சிவப்புப் பெட்ஷீட்டை முதுகில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவர் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கு சில்வர் பெயின்ட் அடித்து மாட்டியிருந்தார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் முடித்து, தூங்காமல் நேராக வந்தவர். உள்ளே போகும்போதும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

இடைவேளையில் யூடியூப் சேனல்காரர்கள் மைக்கை நீட்டினார்கள்.

"படம் இன்னா மாரி கீது?"

"தெறி தலைவா! ரெண்டாவது பாதிய பாக்கவே தேவையில்ல. ரெண்டு மாசம் இங்கதான் ஓடும், எழுதி வெச்சுக்கோ!" என்றார் ஹெல்மெட்காரர். பெட்ஷீட்காரர் ஒருவர் குறுக்கே புகுந்து, "ரெண்டு மாசம் இன்னா, நூறு நாள்! கலெக்‌ஷன்ல எல்லா ரெக்கார்டும் காலி!" என்று கத்தினார். எந்த ரெக்கார்டு என்று கேட்டிருந்தால் முழித்திருப்பார்.

இந்தப் பேச்சையெல்லாம் நான் வழக்கமாகக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அன்றைக்கு முதலாளி பக்கத்தில் நின்று கேட்டுவிட்டார்.

"நாலு ஷோ பத்தாது போலக் கீதே. அஞ்சாவது ஷோவுக்குத்தான் பர்மிஷன் வாங்கி வெச்சிருக்கோமே. போட்டுடு."

பர்மிஷன் இருந்தது. நேரம்தான் இல்லை. ஒவ்வொரு காட்சியிலும் எட்டு ஒன்பது நிமிடமாவது மிச்சம் பிடித்தால்தான் ஐந்தாவது காட்சி உள்ளே நுழையும். இடைவேளையைக் குறைத்தால் கேன்டீன்காரர் சண்டைக்கு வருவார். விளம்பரத்தைக் குறைத்தால் ஏஜென்சியிலிருந்து போன் வரும். யாரும் சண்டைக்கு வராத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. படம் முடிந்ததும், வேலை செய்தவர்களின் பெயர்கள் கறுப்புத் திரையில் ஒன்பது நிமிடம் ஓடும் ரோலிங் டைட்டில்.

அதிலும் ஒரு சிக்கல். பெயர்களெல்லாம் முடிந்த பிறகு, அடுத்த பாகத்தில் வில்லன் யார் என்று காட்டும் ஒரு நிமிட சீன் இருந்தது. ரசிகர்கள் அதற்காகவே உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு முன்னால் லைட்டைப் போட்டால் நாற்காலி தப்பாது. ஆபரேட்டர் செல்வத்தைக் கூப்பிட்டேன்.

"டைட்டில் ஆரம்பிச்ச உடனே படம் ஓடற சர்வரை நிறுத்து. நேரா கடைசி சீனுக்கு ஜம்ப் பண்ணிடு."

செல்வம் தலையைச் சொறிந்தார். "ரெப்புக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும் சார்."

ரெப் என்றால் விநியோகஸ்தரின் ஆள். வசூலைப் பார்த்துக்கொள்ள தியேட்டரிலேயே இருப்பவர். வந்த படத்தில் ஒரு வினாடியை விட்டாலும் படத்தையே தூக்கிக்கொண்டு போக அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவனே நான்தான்.

"அவர் ஆபீஸ் ரூம்ல டிபன் சாப்பிட்டுக்கினு இருக்காரு. நீ பண்ணு" என்றேன்.

நாலு வினாடி இருட்டு, அப்புறம் நேராக வில்லன். விசில் காதைக் கிழித்தது. வெளியே வந்த ஹெல்மெட்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லா தியேட்டர்லயும் உக்கார வெச்சு சாவடிப்பானுங்க. நீ சூப்பர்ணா!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளியிடம் போய் அதை இரண்டு முறை சொன்னேன்.

2. மாடம்பாக்கத்திலிருந்து வந்தவர்கள்

மதியக் காட்சி முடிந்தது. ரெப் என் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். கூட்டம் வடிந்த பிறகு ஒரு குடும்பம் எங்களை நோக்கி வந்தது. சட்டையை இன் செய்த அப்பா, பட்டுப்புடவை கட்டிய அம்மா, இருபத்தைந்து வயது இருக்கும் மகள். படத்துக்கு யாராவது பட்டுப்புடவை கட்டுவார்களா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அந்தப் பெண்தான் கேட்டாள். "சார், எண்ட் டைட்டிலை ஸ்கிப் பண்ணிட்டீங்களா?"

"ஏம்மா?"

"அதுல என் பேர் வரும் சார். இந்தப் படத்துக்கு கிராபிக்ஸ் வேலை பண்ணியிருக்கேன். கேளம்பாக்கம் பக்கத்துல ஆபீஸ். ஒவ்வொரு ஃப்ரேமா ஹீரோ உருவத்தை மட்டும் தனியா வெட்டி எடுக்கற வேலை. எங்க டீம்ல பதினாறு பேர், நாலு பேருக்குத்தான் பேர் போட்டிருக்காங்க."

"மாடம்பாக்கத்துலேருந்து அதைப் பாக்கத்தான் சார் வந்தோம். இவர் தியேட்டர் பக்கம் வந்தே பத்து வருஷமாச்சு" என்றார் அம்மா.

அப்பா முன்னால் வந்தார். "நேராவே கேக்கறேன் சார். இன்ஜினியரிங் படிச்சுட்டு நிரந்தரமில்லாத வேலைக்குப் போறா. வெளிநாட்டுப் படம், பேர் வரும்னு ஒரு வருஷமா சொல்றா. ஸ்க்ரீன்ல பேர் வந்தா அந்த வேலையிலேயே இரு, வரலைன்னா விட்டுட்டு பேங்க் எக்ஸாமுக்குப் படின்னு சொன்னேன். இவளும் ஒத்துக்கிட்டா. நீங்க சொல்லுங்க. படம் முழுசா ஓடிச்சா, இல்லையா?"

ரெப் டீ கிளாஸை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"முழுசா ஓட்டினோம் சார். எங்களுக்கு வந்ததுல ஒரு செகண்டு கூட விடல" என்றேன்.

"இல்லப்பா, நடுவுல இருட்டாச்சு, நீங்களே பாத்தீங்கல்ல?" என்று அப்பாவிடம் திரும்பினாள் அவள்.

"அது கரண்ட் ஏறி இறங்கினதும்மா." அவள் என்னைக் கேட்கவே இல்லை. நானே முந்திக்கொண்டு இரண்டாவது பொய்யையும் சொன்னேன்.

அப்பா கத்தியிருந்தால் தேவலை. "சரி, வா, போலாம்" என்று மட்டும் சொன்னார். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னால் நடந்தார். அந்தப் பெண் ஒரு நிமிடம் நின்று என்னையே பார்த்தாள். நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் ரெப்பிடம் திரும்பி, "இன்னொரு டீ சொல்லட்டுமா சார்?" என்றேன்.

ஐந்தாவது காட்சியில் பாதி நாற்காலி காலி. திங்கட்கிழமை அதே யூடியூப் சேனல்காரர்கள் வந்தார்கள். "ரெண்டாவது பாதி தூக்கம்தாண்ணா வருது" என்று அதே மாதிரி ரசிகர்கள் சொன்னார்கள். சனிக்கிழமையிலிருந்தே ரோலிங் டைட்டிலை முழுசாக ஓடவிட்டேன். ஐந்தாவது காட்சியே இல்லையென்றான பிறகு அவசரம் ஏது. கடைசி வரிசையில் நின்று அந்தப் பெயர்களைப் பார்ப்பேன். அந்தப் பெண்ணின் பெயரைக் கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

3. இரண்டாவது வியாழன்

மறுநாள் படத்தை எடுப்பதாக இருந்தது. மதியக் காட்சி முடியும் நேரத்தில், டார்ச் அடிக்கும் வேலு ஒரு பெண்ணை என் ரூமுக்குக் கூட்டி வந்தார்.

"ஸ்க்ரீனை போன்ல புடிச்சிக்கினு இருந்தாங்க சார்."

அதே பெண். போனை அவளே நீட்டினாள். அதில் படக்காட்சி ஒன்று கூட இல்லை. வெள்ளை எழுத்துகள் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தன. ஓர் இடத்தில் அவள் விரலை வைத்தாள். பவித்ரா என்று இருந்தது. கண் இமைத்தால் தவறிவிடும்.

வேலுவை வெளியே அனுப்பினேன். "இதை அப்பாகிட்ட காட்டும்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன், ஏதோ பெரிய சலுகை கொடுப்பவன் மாதிரி.

"நம்ப மாட்டார் சார். கம்ப்யூட்டர்ல இல்லாததை இருக்கற மாதிரி பண்றதுதானே என் வேலை? என் பேரைச் சேக்கறதா கஷ்டம்னு கேப்பார். தியேட்டர்ல பாத்தாத்தான் நம்புவேன்னு சொல்லித்தான் அன்னிக்கு வந்தார். இது எனக்காக எடுத்தது. ரிசைன் பண்ணிட்டேன். திங்கட்கிழமையிலேருந்து கோச்சிங் கிளாஸ்."

அப்பாவின் நம்பரைக் கேட்டு வாங்கி, அவள் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டேன். நான் யார் என்று சொன்னேன்.

"சார், அன்னிக்கு டைட்டிலை ஓட்டாம தாண்டினது நான்தான். உங்க பொண்ணு பேர் இருக்கு. இப்ப என் கண்ணால பாத்தேன். அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவர் மெதுவாகக் கேட்டார்: "அங்க வந்திருக்காளா? அழுதாளா?"

"இல்ல சார், அவங்க ஒண்ணும் கேக்கல. நானாத்தான்..."

"உங்களுக்கு நல்ல மனசு சார். அன்னிக்கு இவ யாருன்னு உங்களுக்குத் தெரியாது, உள்ளதைச் சொன்னீங்க. இன்னிக்கு பாவம் பாத்து சொல்றீங்க. ஒரு அப்பனுக்கு இது புரியாதா?"

"சத்தியமா சார். சாயங்கால ஷோ இருக்கு, கடைசி ஷோ. வாங்க, நானே பக்கத்துல உக்காந்து காட்டறேன்."

"வேண்டாம் சார். அவளை இன்னொரு தடவை அங்க நிக்க வெச்சு அசிங்கப்படுத்த எனக்கு மனசு இல்ல. அனுப்பி வைங்க, போதும்." போனை வைத்துவிட்டார்.

பவித்ரா எழுந்து, "பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். முதலாளிகளிடம் வாங்காத திட்டு இல்லை, ரசிகர்களிடம் ஒருமுறை அடியும் வாங்கியிருக்கிறேன். அந்தப் "பரவால்ல"தான் இன்னும் வலிக்கிறது. அவள் பரீட்சை எழுதினாளா, பழைய வேலைக்கே திரும்பினாளா, தெரியாது. கேட்டுப் பார்க்க எனக்கு முகம் இல்லை. ரெப்பிடம் உண்மையைச் சொன்னேனா என்றால், அதையும் சொல்லவில்லை.

ரோலிங் டைட்டிலில் கை வைக்காதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லலாம், அது எளிது. நான் படித்த பாடம் வேறு. தப்பு செய்தால் கேட்ட இடத்திலேயே, கேட்டவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுங்கள், வேலை போனாலும். நான் பதின்மூன்று நாள் கழித்துச் சொன்னேன். அதற்குள் என் பொய்தான் அந்த வீட்டில் உண்மையாகிவிட்டது.