கழுவக்கூடாத சட்டி

சிவப்பு நூல் கோத்த சீட்டைக் கண்டால் இன்றைக்கும் என் கை சட்டைப்பையைத் தடவிப் பார்க்கும். 'கழுவக்கூடாது' என்று எழுதி ஒரு சட்டியின் கழுத்தில் நான் கட்டியிருக்க வேண்டிய சீட்டு அப்படித்தான் இருக்கும். அன்று அது என் சட்டைப்பையிலேயே கிடந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய மேட்டில் அகழாய்வு. மழைக்கு முன் முடித்தாக வேண்டுமென்று எல்லோருக்கும் பதற்றம். கிடைப்பதைப் பதிவது என் வேலை. அது நிரந்தரமாகும் என்று காத்திருந்த நேரம். பானை ஓடுகளைக் கழுவித்தர ஆரம்பாக்கத்திலிருந்து ஓர் அக்கா வருவார். என்னை 'பேனா சார்' என்று கேலி செய்வார். அன்று முழுச் சட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே கருகிய பற்று. அதைச் சோதித்தால் அந்தக் காலத்தில் இங்கே அடுப்பெரித்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று தெரிந்துவிடும். எங்கள் பெரிய சாருக்குத் தலைகால் புரியவில்லை. நான் சீட்டை எழுதிப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனேன், மடையன்.

திரும்பி வந்தால் சட்டி பளிச்சென்று இருந்தது. அக்கா தேங்காய் நாரைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"இன்னா சார் அப்டி பாக்குற? எவளோ கூழு காய்ச்சி அடிபிடிக்க உட்டுக்கீறா. சோறுன்னா பருக்கை தெரியும். இது ஏடு ஏடா உரிஞ்சிச்சி. தேய்ச்சித் தேய்ச்சி கையே போச்சி."

கழுவிய தண்ணீர் மண்ணில் ஊறிப் போயிருந்தது.

பெரிய சார் வந்து, "சீட்டு கட்டலியா?" என்று கத்தினார். நான் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். "கட்டியிருந்தாரு சார். எனக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் அவுத்துப் போட்டேன்."

அக்காவை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ரயில் நிலையம் வரை பின்னாலேயே ஓடினேன். "உடு சார், எதுனா கம்பெனில பெருக்கிக்கினு பொழச்சிக்குவேன்" என்றார். திரும்பிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயம், சொல்லவில்லை.

இப்போது அந்தச் சட்டி இருக்கும் கிடங்குக்கு நான்தான் பொறுப்பு. நாளை ஒரு மாணவி அதைப் பார்க்க வருகிறாள். பதிவேட்டில் 'எச்சம் ஏதும் இல்லை' என்று என் கையெழுத்து. கூழ் என்று எழுதினால் எப்படித் தெரியும் என்று கேட்பார்களே! அதற்குப் பயந்தே இத்தனை வருடம் எழுதவில்லை.

இன்று அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: 'இருந்தது. கூழ் என்று கழுவிய அக்கா சொன்னார். சீட்டு கட்டாதவன் நான்.' அடியில் இன்றைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.