விண்கப்பல் தலைவனைத் திரும்ப வைத்தேன்

தொலைக்காட்சிக்கு விண்வெளித் தொடர் எழுதுகிறவன் நான். காணாமல்போன விண்கப்பல் தலைவன் ஒருவனை, அந்த நடிகர் மறுபடி கிடைத்தார் என்பதற்காக மட்டும், ஏழு வருசம் கழித்து உயிரோடு திரும்ப வைத்தேன்.

அதன்பிறகு என் ஊரான அரிப்புக்குப் போனபோது, பக்கத்து வீட்டு மெற்றில்டா அக்கா வந்தா. கடலுக்குப் போன அவவின் புருசன் திரும்பாமல் ஏழு வருசம். அப்போதுதான் மனதைத் தேற்றிக்கொண்டு, கோயிலில் இறந்தவர்களுக்கு வைக்கும் ஆத்துமப் பூசைக்கு அவர் பெயரைக் கொடுத்திருந்தா.

"பெயரைத் திருப்பி வாங்கிட்டன் தம்பி. உயிரோட இருக்கிறவருக்கு அந்தப் பூசை கூடாதெல்லோ? அவரை நினைச்சுத்தானே உந்த நாடகம் எழுதினனீ?"

நான் அவரை நினைக்கவே இல்லை. "ஓம் அக்கா" என்றேன்.

இன்றைக்கும் ஊருக்குப் போனால், என் கண் அவ வீட்டு உடுப்புக்கொடிக்குத்தான் போகும். இன்னும் திரும்பாத அவருடைய சறம் தோய்த்துக் காயப்போட்டிருக்கும்.