கோலார் தங்கவயலில் ஒரு கப்பலும் அதன் முட்டுகளும்

எனக்குக் கப்பல் என்றால் பைத்தியம். ஏறினால் வாந்தி. இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படியோ காலம் தள்ளிவந்த என்னிடம், பெங்களூரு அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரி, "எங்க ஊருல கப்பல் கட்றாங்க, பாக்க வர்றியா?" என்று கேட்டாள். அவள் ஊர் கோலார் தங்கவயல். அங்கிருந்து கடலுக்குப் போக அரை நாள் ஆகும். கிண்டல் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் இறக்கிப் பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவளுக்குக்கூடக் காத்திராமல் சனிக்கிழமையே தனியாகக் கிளம்பிவிட்டேன்.

பெங்களூரிலிருந்து மாரிகுப்பம் வரை ரயில் உண்டு. சுமார் இரண்டரை மணி நேரம், முப்பது ரூபாய்ச் சொச்சம். பங்காரப்பேட்டை தாண்டினால் ஜன்னல் சீட்டு நிச்சயம். மாரிகுப்பத்திலிருந்து ஆண்டர்சன்பேட்டைக்கு ஆட்டோவில் நூற்றைம்பது கேட்பார்கள், எண்பதுக்கு வருவார்கள். விடாதீர்கள்.

"கப்பல் கட்ற எடம் தெரியுமாண்ணா?"

"ஜெயந்தியக்கா கப்பல்தான? ஊர்ப் பூனையெல்லாம் அங்கதான் கீது மேடம். அதுங்க பின்னாடி போனாலே போதும்."

உண்மைதான். ஷெட் வாசலில் இருபது பூனைகளாவது உட்கார்ந்திருந்தன. பலகை இடுக்குகளில் குங்கிலியத்தோடு மீன் எண்ணெயைக் காய்ச்சிப் பூசுகிறார்கள். நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு போன என் புத்தியை என்ன சொல்ல.

உள்ளே முப்பதடி நீளத்துக்கு அந்தக் கப்பல் நின்றது. அந்தக் காலத்து வணிகக் கப்பல்களைப் போல, ஓர் ஆணிகூட இல்லாமல், பலகைகளில் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்திருந்தார்கள். தைத்தவர்கள் எல்லாரும் ஞாயிறுதோறும் கூடும் தன்னார்வலர்கள். பாதிப் பேர் பென்ஷன்காரர்கள், மீதிப் பேர் தினமும் பெங்களூருக்கு ரயிலேறுகிறவர்கள். தலைவி ஜெயந்தியக்கா, ஊரிலுள்ள கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வண்டி இருக்கைகளுக்கு உறை தைத்து ஓய்வுபெற்றவர். கடற்கரைத் தச்சர்களை வரவழைத்துத் தையல் கற்றிருக்கிறார்.

எட்டிப் பார்த்தேன். கப்பலுக்குள் உட்கார இடமே இல்லை! தரையிலிருந்து மேல்தளத்துக்கும், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குமாக ஒரே மரத்தூண்கள். எண்ண ஆரம்பித்துக் கைவிட்டேன்.

"எல்லாம் எங்க வூட்டுக்காரர் வேலை" என்றார் ஜெயந்தியக்கா.

அவர் கணவர் தயாளன், தங்கச் சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தவர். பாறை இறங்காமல் மரம் நிறுத்தித் தாங்குவது அவர் வேலை. "வெளிய இருந்து அமுக்குனா உள்ள முட்டு குடுக்கணும். பாறையா இருந்தா இன்னா, தண்ணியா இருந்தா இன்னா?" என்றார் என்னிடம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அக்கா வெளியூர் போயிருந்த ஒரு வாரத்தில் மனுஷன் மொத்தக் கப்பலையும் சுரங்கமாக்கிவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், ஷெட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். கப்பல் பத்துப் பேரோடு ஏரியில் ஒரு சுற்று வந்தால் கடற்கரையில் ஒரு அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் அறுத்து விறகுக்குப் போட வேண்டியதுதான். முட்டுகளோடு நாலு பேர் ஏறினாலே அதிகம்.

ஞாயிறு காலை லாரியும் கிரேனுமாகப் பேத்தமங்கலா ஏரிக்குப் போனோம். அருங்காட்சியக அதிகாரி தொப்பியோடு காத்திருந்தார். கப்பல் மிதந்தது! கத்திக் கத்தி என் தொண்டையே கட்டிவிட்டது.

"இப்பவாவது எடுங்களேன்" என்றார் அக்கா, முட்டுகளைக் காட்டி.

தயாளன் ஒரு சுத்தியலோடு ஏறி, முட்டு முட்டாகத் தட்டிக் காது வைத்துக் கேட்டார். பாரம் தாங்கும் முட்டு கிண்ணென்று ஒலிக்குமாம். எல்லாம் சொத்து சொத்தென்றன. முகம் தொங்கிப்போனது.

"ஒன்னு மேலயும் பாரம் இல்லியே ஜெயந்தி. எல்லாத்தையும் உன் தையலே வாங்கிக்கினு கீது."

"அதத்தான மூணு மாசமா சொல்லிகினு கீறேன்!"

ஆனால் முட்டு எடுக்கும்போது உள்ளே வேறு ஆள் இருக்கக்கூடாது, வைத்தவனேதான் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் சுரங்கச் சட்டம். எல்லாரையும் கரைக்கு விரட்டிவிட்டுத் தனியாக எடுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு முட்டும் தண்ணீரில் விழும்போது, அத்தனை நாள் சண்டை போட்ட அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாங்க! மெதுவா!" என்று கத்தினார். அவர் நகம் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது.

ஏறினோம். என்னையும் சேர்த்து ஒன்பது பேர். ஒருவர் கடைசி நேரத்தில் தலைவலி என்று கழன்றுகொண்டார். முட்டே இல்லாத கூரைக்குக் கீழே தயாளன் வாழ்க்கையில் உட்கார்ந்ததில்லையாம். அக்கா பார்த்த பார்வையில் பத்தாவது ஆளாக ஏறினார். உட்காரவில்லை. நடுவில் நின்று, இரண்டு கையாலும் மேல்தளத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். சுற்று முடியும்வரை கையை இறக்கவே இல்லை.

அதிகாரி கரையிலிருந்து கேட்டார்: "ஒன்பது பேர்தானேம்மா? நடுவுல இருக்கிறது தூணா, ஆளா?"

"ஆளுதான் சார். எண்ணிக்கோங்க!"

அலையே இல்லாத ஏரியில் வாந்தி எடுத்தவள் நான் ஒருத்திதான். கப்பல் தேறி, அதே லாரியில் ஷெட்டுக்குத் திரும்பியது. அன்று மாலை தயாளன் பூனைகளுக்குக்கூட பிஸ்கட் வாங்கிப் போட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: மாதக் கடைசி வரை ஷெட்டில் பார்க்கலாம், கட்டணம் இல்லை. ஞாயிறு காலைதான் ஆட்கள் இருப்பார்கள். பழைய துணி உடுத்திப் போங்கள். ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் சாப்பிட்டுவிட்டு மதிய ரயிலைப் பிடித்தால் இருட்டுவதற்குள் வீடு.

போன வாரம் இன்னொரு முறை போனேன். கப்பலின் நடுவில் ஒற்றை முட்டு நின்றது. நிறுத்தியது தயாளன் இல்லை. ஜெயந்தியக்காவே நிறுத்தி, தென்னங்கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"பாரமே இல்லன்னு ஆயிடுச்சேக்கா, இது எதுக்கு?"

"இது கடலுக்குப் போவுது இல்ல?" என்றார் கயிற்றைத் தடவியபடி. "அங்க புடிச்சிக்கினு நிக்க இந்த மனுசன் இருக்க மாட்டாரே."