இத்ரூஸ் ஏறிய மூன்று தவறணைகள்

"இல்லீங்க நானா. இந்தப் பையிலதான் இருந்துச்சு."

நோபர்ட் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். கடலைத் தோல் இரண்டு விழுந்தன.

"கால்சட்டப் பை?"

"பாத்துட்டேன்."

"சப்பாத்துக்குள்ள?"

"சப்பாத்துக்குள்ள யாரு நானா ஐடென்டி வைப்பா?"

"குடிச்சவன் எங்க வேணும்டாலும் வைப்பான். கழட்டு."

சப்பாத்துக்குள் ஒன்றும் இல்லை. இத்ரூஸ் லொறியின் என்ஜினை நிறுத்தினார். இருக்கையைத் தூக்கிப் பார்த்தார். மிதிக்கும் இடத்தில் கிடந்த சாக்கை உதறினார். இருக்கைக்குப் பின்னால் நோபர்ட்டின் குடை மட்டும் இருந்தது.

கலேவெலச் சந்தைக்குப் பின்புறம், மக்கீன் ஹாஜியாரின் பாக்குக் களஞ்சியத்தின் முன்னால் லொறி நின்றது. மூட்டைகளை இறக்கியாகிவிட்டது. மாத்தளைக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆனால் சந்தியில், காலையில் இல்லாத சோதனைத் தடை ஒன்று இப்போது இருந்தது. பஸ்களிலிருந்து ஆட்களை இறக்கி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எல்லோர் கையிலும் அடையாள அட்டை.

தம்புள்ளையில் பஸ்ஸில் குண்டு வெடித்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. நோபர்ட் குடியிருக்கும் தோட்ட லயத்தில் கடைசி வீட்டுக்காரர் கணபதி, அதற்கு மறுவாரம் மிளகாய் வாங்க தம்புள்ளைக்குப் போனவர். அட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார். அவருடைய மனைவி இன்னும் கிழமைக்கு ஒரு தடவை சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு அவரைப் பார்க்கச் சிறைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள்.

இத்ரூஸ் சந்தியைப் பார்த்தார். நோபர்ட்டைப் பார்த்தார்.

"எறங்கு. ஹாஜியாருக்குப் பக்கத்துல போய் இரு. வாயத் தொறக்காத, மணக்கும். நான் பாத்துட்டு வாறேன்."

"எங்க நானா?"

"நீ குடிச்ச மூணு எடத்துக்கும். ஒவ்வொண்டா."

"நீங்க தவறணைக்குள்ள..."

"பின்ன நீயா போவப் போற? அந்த லைன்ல நிண்டா?"

இத்ரூஸ் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். முப்பது வருடமாக லொறி ஓட்டுபவர். சாராயத் தவறணையின் படியில் ஒரு நாளும் கால் வைத்தவர் அல்ல. நோபர்ட் காலையில் ஒவ்வொரு இடத்திலும் இறங்கியபோது, லொறியை அறுபது யார் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். 'என்ட லொறிய மாத்தளை முழுக்கத் தெரியும்' என்று காரணம் சொன்னார்.

கலேவெலத் தவறணை களஞ்சியத்திலிருந்து கூப்பிடு தூரம். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். தலையை ஆட்டினார்.

"மேசைக்குக் கீழயெல்லாம் பாத்தாச்சு. நல்ல மனிசன். சோடா ஒண்டு குடிக்கச் சென்னான். நான் ஓடி வந்துட்டேன்."

பிறகு லொறியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்தது மடிபொல. அதற்கும் அப்பால் பலாபத்வல. சந்தியில் அவரை நிறுத்தினார்கள். அட்டையைப் பார்த்தார்கள். விட்டார்கள்.

நோபர்ட் களஞ்சியத்தின் உள்மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். மக்கீன் ஹாஜியார் எழுபது வயதுக்காரர். தராசுக்குப் பக்கத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். நோபர்ட்டை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறார்.  எழுந்துபோய் ஒரு மூட்டையை அவிழ்த்து, இரண்டு கராம்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

"வாயில போட்டுக்கங்க தம்பி. அஸர் தொழுகைக்கு முந்தி ஆள் வரும்."

நோபர்ட் போட்டுக்கொண்டார். நாக்கு எரிந்தது. 

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் 1964இல் பிறந்தவர் நோபர்ட். அண்ணனும் அக்காவும் எழுபத்து நான்கில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவரும் தாயும் தங்கிவிட்டார்கள். பதினேழு வயதில் தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலைக்குச் சேர்ந்தார். இரவு முழுக்கக் கொழுந்தைப் புரட்டிவிட்டு, விடியற்காலையில் கீழே உருட்டும் மெஷினுக்குத் தள்ளிவிடும் வேலை. பிறந்த நாட்டில் நாற்பது வயதுவரை அவர் பிரஜை இல்லை. நாற்பதில் ஆக்கினார்கள். அட்டை கைக்கு வந்த அன்று, மனைவி மரிய கொறற்றி அதற்குப் பிளாஸ்டிக் உறை ஒன்று வாங்கிவந்து, பின்பக்கத்தில் அந்தோனியார் படம் வைத்துக் கொடுத்தாள். நான்கு வருடமாகச் சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்துக்கொண்டார். மாடியில் வேலை செய்யும்போதுகூட.

தவக்காலத்தில் அவர் குடிப்பதில்லை. நாற்பது நாள். மரிய கொறற்றியின் அண்ணன் ராஜநாயகம் தோட்டத்துக் கோயிலின் உபதேசியார். மச்சானின் கண் எப்போதும் தவறணைப் பாதையில்தான். தவக்காலம் முடிந்து பாஸ்கு ஞாயிறு வீட்டில் கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறிப்பதில்லை என்பதால் திங்கட்கிழமை பகலில் ஆலைக்காரருக்கு ஓய்வு. அன்றைக்கு இத்ரூஸின் லொறி பாக்கு ஏற்ற வந்தது. பன்னிரண்டு வருடமாக லயத்துக் கொல்லைகளில் பாக்கும் மிளகும் வாங்குபவர்.

"வாஹகோட்டை வழியாத்தானே போறீங்க நானா? அந்தோனியார் கோயிலுக்கு வரட்டா?"

"வா. எத்தின கோயில்?"

"மூணு."

இத்ரூஸுக்குப் புரிந்தது. சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

நோபர்ட்டுக்குச் சாராயத்தைவிட வேறொரு ஆசை இருந்தது. தோட்டத்துக்குக் கிட்டிய தவறணையில் லயத்து ஆட்கள் உள்ளே போவதில்லை. பக்கத்துச் சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. அதில் காசைக் கொடுத்து, வாங்கி, வெளியே நின்று குடிப்பார்கள். கிளாஸ் திரும்பி வர வேண்டும் என்பதற்காக ஏதாவது ஒன்றை ஜன்னலில் வைக்க வேண்டும். குடை, தொப்பி, தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி. கிளாஸைக் கொடுத்தால் பொருள் திரும்பக் கிடைக்கும். யார் போட்ட சட்டம் என்று தெரியாது. அவருடைய தகப்பனும் அப்படித்தான் குடித்தார். தன்னைத் தெரியாத ஊரில், மேசைக்கு முன்னால், கதிரையில் இருந்து ஒரு தடவை குடித்துப் பார்க்க வேண்டும் என்பது நோபர்ட்டின் ஆசை.

"கதிரையில இருந்து குடிச்சா வேற மாதிரி ஏறுமா?" என்று இத்ரூஸ் கேட்டார்.

"இருந்து பாத்தாத்தானே தெரியும்."

மடிபொலவில் கதிரையில் இருந்தார். பச்சைச் சாயம் அடித்த மேசை. எதிரில் ஒரு சிங்களக் கிழவர், மாங்காய் அச்சாறுத் தட்டை இந்தப் பக்கம் தள்ளிவிட்டு, 'கன்ன மல்லி', சாப்பிடு தம்பி, என்றார். நோபர்ட் ஒரு துண்டு எடுத்தார். கலேவெலவிலும் இருந்தார். பக்கத்து மேசைக்காரன் இவரை வயல்காரர் என்று நினைத்து, வெங்காயம் இந்த வருடம் எப்படி என்று கேட்டான். பரவாயில்லை, மழைதான் கொஞ்சம் பிந்திவிட்டது என்று சிங்களத்தில் சொன்னார். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். அவித்த முட்டை சாப்பிட்டார். கடலை தின்றார். எழுந்து வரும்போது கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டு வந்தார்.

இதையெல்லாம் மக்கீன் ஹாஜியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கேட்டதால்தான் சொன்னார். 'முதல்ல இருந்து செல்லுங்க தம்பி. எங்க நிண்டீங்க, எங்க இருந்தீங்க. என்ட சாவிக்கொத்து தொலைஞ்சா நான் அப்பிடித்தான் தேடுற.'

"அப்ப முதல் எடம், பலாபத்வலயில?"

"அங்க இருக்கலைங்க ஹாஜியார். இருக்கணும்னுதான் போனேன். உள்ள ரெண்டு கதிரை சும்மாத்தான் கெடந்துச்சு. கிளாஸ வாங்கினேன். பாத்தா வெளிய நிக்கிறேன். மதகுக் கட்டுல."

"யாரும் வெளிய போகச் சென்னதா?"

"யாரும் சொல்லலைங்க. காலு போயிருச்சு."

"அதுக்குப் பொறகு?"

"நானா ஹோன் அடிச்சாரு. கிளாஸ மதகுலயே வச்சுட்டு ஓடிட்டேன்."

சொல்லிவிட்டு நோபர்ட் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். குடை லொறிக்குள் இருந்தது. தலையில் தொப்பி இல்லை. கிளாஸை வாங்கிய கை வலது கை. இடது கை என்ன செய்தது?

"ஐயோ ஹாஜியார்," என்றார். "கிளாஸுக்கு ஐடென்டிய வச்சுட்டேங்க."

அவர் சொல்லி முடிக்க, மக்கீன் ஹாஜியார் தொலைபேசியை எடுத்து இத்ரூஸைக் கூப்பிட்டார். இத்ரூஸ் மடிபொலத் தவறணையின் பின்புறம், குப்பை வாளியைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் சொன்னது களஞ்சியத்தின் மூலைவரை கேட்டது.

"ஒரு கிளாஸுக்கா? அந்த ஓட்டைக் கிளாஸுக்கா?"

அஸர் தொழுகைக்குப் போகுமுன் இரண்டு வியாபாரிகள் வந்தார்கள். ஹாஜியார் நோபர்ட்டைக் காட்டி 'மாத்தளையில இருந்து வந்த நம்மட ஆள்' என்று மட்டும் சொன்னார். அவர் பள்ளிவாசலுக்குப் போன நேரத்தில் களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் நோபர்ட்டுக்கே வந்தது. சாவியை முக்காலியின் மேல் வைத்துவிட்டுப் போனார். வெளியே சப்பாத்துச் சத்தம் கேட்டபோதெல்லாம் நோபர்ட் சாவியைப் பிடித்துக்கொண்டார்.

நான்கரைக்கு லொறி வந்தது. இத்ரூஸ் இறங்கி, பிளாஸ்டிக் உறையோடு அட்டையை நோபர்ட்டின் கையில் வைத்தார். அந்தோனியாரும் இருந்தார்.

"தொலைஞ்சதக் கண்டுபிடிச்சுத் தாற ஆளாமே இவரு? இவரும் சேந்து தொலைஞ்சா யாரு தேடுற?"

நோபர்ட் அட்டையை நெற்றியில் வைத்தார்.  

"லேசாத் தரல்ல," என்றார் இத்ரூஸ். "அந்த முதலாளி, 'ஒருத்தன்ட ஐடென்டிய இன்னொருத்தன்ட கையில எப்பிடிக் குடுப்பேன், காலம் கெட்டுக் கெடக்கு, ஆளைக் கூட்டிட்டு வா'ங்கிறான். ஆளு வர ஐடென்டி வேணும்டு செல்றேன். அதுவும் சரிங்கிறான், இதுவும் சரிங்கிறான். கடைசில என்ட ஐடென்டிய எடுத்து வச்சேன். ஒன்ட கார்டத் தந்தான்."

நோபர்ட்டுக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது.

"அப்ப நீங்க ஐடென்டி இல்லாமயா சந்தியால வந்தீங்க?"

"லைசன்ஸ் ஈக்கிதானே. 'ஐடென்டி எங்க'ண்டு கேட்டான். 'பலாபத்வலத் தவறணையில வச்சீக்கி'ண்டேன். என்ட தாடியப் பாத்தான். மத்தவனையும் கூப்பிட்டுக் காட்டினான். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. போகச் சென்னாங்க." தொப்பியை எடுத்து உதறித் தலையில் வைத்தார். "உண்மையச் சென்னேன், அவனுகளுக்குப் பகிடி."

மக்கீன் ஹாஜியார் இருவருக்கும் பிளேன்டீ கொடுத்தார். நோபர்ட் சாவியை அவரிடம் கொடுத்தார். சந்தியில் இறங்கி வரிசையில் நின்று அட்டையைக் காட்டினார். சிப்பாய் முகத்தைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். போகலாம் என்று கை காட்டினான்.

பலாபத்வலவில் வெளிச்சம் இருக்கும்போதே சேர்ந்தார்கள். இந்தத் தடவை இத்ரூஸ் லொறியைத் தவறணைக்கு நேர் முன்னால் நிறுத்தினார்.

நோபர்ட் முன்வாசலால் போனார். மதகில் வைத்த கிளாஸை யாரோ ஏற்கெனவே கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். கல்லாவில் இருந்த மனிதர் இத்ரூஸின் அட்டையை எடுத்துக் கொடுத்தார். பிறகு, கோபமில்லாமல், தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல் சிங்களத்தில் கேட்டார்.

"இதை ஏன் என்னிடம் தந்தாய்? நான் கேட்டேனா? நீ ஏதோ பத்திரமாக வைக்கத் தருகிறாய் என்று நினைத்தேன். கதிரையும் இருந்தது. ஏன் வெளியே போனாய்?"

நோபர்ட் திரும்பி, வாசலுக்கு வெளியே மதகைப் பார்த்தார். 

"இரு," என்றார் அந்த மனிதர். இஞ்சிச் சோடா ஒன்றைத் திறந்து மேசையில் வைத்தார். நோபர்ட் கதிரையில் இருந்து குடித்தார். பாதியைப் போத்தலோடு வெளியே கொண்டுபோய் இத்ரூஸுக்குக் கொடுத்தார். அதற்கு அந்த மனிதர் ஒன்றும் வைக்கச் சொல்லவில்லை.

மாத்தளைக்குப் புறப்பட்டார்கள். வழியில் இத்ரூஸ் சொன்னார். "மத்தியானம் அந்தத் தவறணப் படியால எறங்குறேன், எங்கட பள்ளி ஜமாஅத்து பதுர்தீன் பஸ்ல போறாரு. கையக் காட்டினாரு. நானும் காட்டினேன்."

"அல்லாவே," என்றார் நோபர்ட்.

"அது நான் செல்ல வேண்டியது," என்றார் இத்ரூஸ்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நோபர்ட் விடியற்காலை மூன்று மணிக்கு ஆலைக்குப் போனார். மழை இல்லாததால் கொழுந்து குறைவு. ஒன்பதுக்கு மாடி வெறுமையானது. குளித்துவிட்டு, அரை நாள் லீவு சொல்லி, பஸ்ஸில் மாத்தளைக்குப் போனார். இத்ரூஸ் வீட்டில் இல்லை. கராம்பு ஏற்றப் போயிருந்தார். அவருடைய மனைவி ஹிதாயா கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள். பதுர்தீனின் வீட்டிலிருந்து விஷயம் முந்திய நாள் மஃரிப் தொழுகை நேரத்துக்கே வந்துவிட்டிருந்தது. ஏன் அங்கே போனீர்கள் என்று அவள் கேட்டதற்கு, வேலை இருந்தது என்று மட்டும் இத்ரூஸ் சொல்லியிருந்தார். குடித்தது நான் என்று நோபர்ட் சொன்னார். மூன்று தவறணைகளையும் வரிசைப்படி சொன்னார். ஹிதாயா கேட்டுவிட்டு உள்ளே போய், தேநீரும் தொதலும் கொடுத்தனுப்பினாள். அங்கிருந்து பதுர்தீனின் கடைக்குப் போய் அங்கேயும் சொன்னார். பதுர்தீன் கதிரை கொடுத்தார். இரண்டரை பஸ்ஸில் இரத்தோட்டைக்குத் திரும்பினார். வழியில் சோதனை இல்லை. மாலையில் மரிய கொறற்றியிடமும் சொன்னார். அவள் அவருடைய சட்டைப் பைக்கு ஒரு பொத்தான் தைத்தாள். ஆறு மணிக்குப் புதுக் கொழுந்து வந்தது. மாடிக்குப் போனார்.