அட்டையில் இருந்த ஒல்லிக்காரி

மகளை நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்தபோது, பெற்றோர் அட்டையில் ஒட்ட என் போட்டோ கேட்டார்கள். கல்யாணமான புதிதில் எடுத்ததைக் கொடுத்தேன். அதில் எனக்குக் கழுத்து இருந்தது, இடுப்பு இருந்தது. புதுப் போட்டோவுக்கு எங்கே போவது? கேமராவைக் கண்டாலே அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குகிறவள் நான்.

அங்கே மாதம் ஒரு ஞாயிறு பிள்ளைகளைப் பார்க்க விடுவார்கள். பெற்றோர் பிரியாணியும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய், மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து ஊட்டிவிடுவார்கள். ஆக்கிக் கொடுப்பது நான், கொண்டுபோவது வீட்டுக்காரர். கேட்டால் முழங்கால் வலி என்பேன். பொய்தான். மகளின் தோழிகள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால்? ஒரு கல்யாணப் பந்தியில் சொந்தக்காரி ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்து, "தாயத் தண்ணித்தொறையில பாத்தா மகள ஊட்டுல பாக்க வேண்டாம்னு சும்மாவா சொன்னாங்க" என்று இளித்தாள். அவள் வாயில் மண் விழ! அன்றிலிருந்து இந்தப் பயம் என்னை விடவில்லை.

நான்காவது மாதம் வார்டனம்மா போன் செய்தார். "பொண்ணு சரியாவே சாப்பிடறதில்லைங்க. நேத்துக் காலைல மயங்கி உழுந்துட்டா. ஞாயித்துக்கெழம கட்டாயம் வாங்க."

வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு போர்வெல் போட ஆந்திராவுக்குப் போயிருந்தார். நான்தான் போயாக வேண்டும். மல்லசமுத்திரத்தில் பஸ் ஏறியதிலிருந்து முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தேன். நாமக்கல் வருவதற்கு வெகு முன்பே எழுந்து படிக்கட்டருகில் போய் நின்றுகொண்டேன்.

பள்ளி வாசலில் காவலாளி அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க ஆருங்க? பாப்பாவோட பெரியம்மாங்களா?"

"ஆமாங்க" என்றேன். எப்படித்தான் வந்ததோ வாயில்!

"அப்பா அம்மாவத் தவுத்து ஆரையும் உடக்கூடாதுங்க. அவிங்கள வரச் சொல்லுங்க. செத்த ஓரமா நில்லுங்க."

ஓரமாக நின்றேன். மணி பன்னிரண்டு, ஒரு மணிக்குப் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்வார்கள். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு பிள்ளையாக ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டது. என் பிள்ளை மயங்கி விழுந்திருக்கிறாள், நான் இங்கே பெரியம்மா வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறேன். சீ, நானும் ஒரு தாயா? என் மேலேயே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

வரிசையை இடித்துக்கொண்டு முன்னால் போனேன்.

"ஏனுங்க, போட்டோல இருக்கறது நாந்தானுங்க! அது பழசு. இப்பக் குண்டாயிட்டேன். பெத்தவ நாந்தான், கதவத் தொறங்க!"

கத்திவிட்டேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆதார் அட்டையையும் எடுத்து நீட்டினேன். காவலாளி பெயரைச் சரிபார்த்தார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்கம்மா" என்று கதவைத் திறந்துவிட்டார். அவருக்கு அவ்வளவுதான் விஷயம்.

மகள் வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கிட்டே வராமல் தள்ளியே நின்றாள்.

"ஏஞ்சாமி சாப்பிடறதில்ல?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இங்க வந்து ரெண்டே மாசத்துல அஞ்சு கிலோ ஏறிட்டேன்மா. நான் குண்டாயிட்டேன்னு அப்பா வந்து சொல்லியிருப்பாரு, அதான் நீ என்னைப் பாக்க வர்றதில்லைன்னு நெனச்சேன். எளச்சா வருவியோன்னு..."

அத்தனை பேர் நடுவில், அப்படியே தரையில் உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இரண்டு கைகளாலும் என் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். கைகள் எட்டவில்லை. அவள் விடவும் இல்லை.