‘ஒருத்தர்’ என்று எழுதிய வேலு

வேலுவை வெட்டிவிட்டார்கள்.

வத்தலக்குண்டில், நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு, அவனுடைய ஜெராக்ஸ் கடை வாசலில். ஷட்டரைத் தூக்கக் குனிந்தவன் நிமிரவே இல்லை... ஒரு பைக், மூன்று பேர். முதல் வெட்டு பிடரியில். இரண்டாவது, தடுக்கப் போன கையில். அதற்கப்புறம் எண்ணுவதற்கு அங்கே ஆள் இல்லை, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடிவிட்டார்கள்.

இங்கே பலருக்கு அவனை ‘செத்த நேரம்’ பிளாக் எழுதுகிற வேலுவாகத்தான் தெரியும். கொஞ்ச நேரம் என்பதை எங்கள் பக்கம் செத்த நேரம் என்போம். கடையில் கூட்டம் இல்லாத செத்த நேரத்தில் எழுதுவதால் அந்தப் பெயர்.

“வெளியூர்க்காரன் பாத்தா எழவு நியூஸ்னு நெனப்பான்டா, பேர மாத்து” என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

“இருக்கட்டும்ணே, எழவுக்குத்தான நம்மூர்ல கூட்டம் வருது” என்பான்.

புதிதாக வந்தவர்களுக்காக... நண்பர்கள் சிலர் இந்தக் காலத்திலும் விடாமல் பிளாக் எழுதுகிறோம். வருடா வருடம் பொங்கல் லீவில் நான் அவற்றுக்கு ரேங்க் போட்டு, ரெவ்யூ எழுதி, இங்கே போஸ்ட் பண்ணுவேன். என் பிளாக்கை மட்டும் சேர்க்கமாட்டேன். நடுவராம் நான். தலைப்பு ‘வெட்டுக்குத்து’. நான் வைத்த பெயர்தான், இன்று அதை எழுதக் கை கூசுகிறது.

திண்டுக்கல் காஜாவின் பிரியாணி பிளாக்குக்கு, “எலும்பைப் பார்த்தே ஆட்டின் வயதைச் சொல்வான், எழுத்துப்பிழை மட்டும் கண்ணுக்குத் தெரியாது” என்று எழுதினேன். கன்னிவாடி மாலதி டீச்சரின் கவிதைகளுக்கு, “என்டர் கீ தேய்ந்ததுதான் மிச்சம்.” டீச்சர் ஒரு மாதம் பேசவில்லை.

வேலுவுக்கு எப்போதும் கடைசி இடம். காரணம் ஒரே ஒரு சொல். ‘ஒருத்தர்.’

“ஒருத்தர் குளத்தில் மண் அள்ளுகிறார்.” “ஒருத்தர் வாய்க்காலை மூடி பிளாட் போடுகிறார்.” யார் என்று ஊருக்கே தெரியும். அவன் பிளாக்கில் மட்டும் ஒருத்தர், ஒருத்தர், ஒருத்தர்.

போன வருடப் பொங்கலுக்கு நான் எழுதியதை அப்படியே போடுகிறேன். படியுங்கள், என்னைத் திட்டவாவது உதவும்.

“யாருப்பா அந்த ஒருத்தர்? பேனாவில் மை இல்லையா, உடம்பில் ரத்தம் இல்லையா? பெயர் போட்டு எழுதும்வரை தம்பி கடைசி பெஞ்சிலேயே உட்காரட்டும்.”

கீழே எல்லாரும் சிரித்து வைத்தீர்கள். நானும்தான்.

அடுத்த மாதமே பெயர் போட்டான். இனிஷியலோடு, குளத்தின் சர்வே நம்பரோடு.

ஒரு வாரத்தில் கடைக்குள் புகுந்துவிட்டார்கள். ஜெராக்ஸ் மெஷினைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். அப்புறம் அவனுடைய வலது கையை மேசையில் வைத்து அழுத்தி, அதே சம்மட்டியால்... மூன்று விரல்கள். “இனி டைப் அடிப்பியா” என்று ஒவ்வொரு விரலுக்கும் கேட்டார்களாம்.

காஜாவும் நானும் போய்ப் பார்த்தோம். கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காஜா கொண்டுபோன பிரியாணியைப் பிசைந்து ஊட்டிவிட்டான்.

“ஏலே, புள்ளகுட்டிக்காரன் நீ. கொஞ்ச நாளைக்குச் சும்மா இரு, அம்புட்டுத்தான் கேக்குறேன்” என்றான் காஜா.

வேலு என் பக்கம் திரும்பினான். “அண்ணே, இந்தத் தடவ நான் எத்தனாவது?”

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். போதும்டா, ஒருத்தர்னே எழுதிக்க என்று சொல்லியிருக்க வேண்டும். “நீதான்டா ஃபர்ஸ்ட்டு” என்றேன். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான், வாயில் சோற்றோடு.

இந்தப் பொங்கலுக்கு முதல் இடம் கொடுத்தேன். அவன் இடது கையால் எழுத ஆரம்பித்தான். போன வாரம் வந்த பதிவிலும் அதே பெயர், அதே இனிஷியல்.

இன்று மதியம் பிணவறை வாசலில் முகத்தை மூடித்தான் கொடுத்தார்கள். திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவன் மனைவி செல்வி ஒரு பையை என்னிடம் நீட்டினாள். “ஒங்க லிஸ்ட்டுண்ணே. லேமினேசன் போட்டு கடச் செவுத்துல மாட்டியிருந்தாரு. ஜெராக்ஸ் எடுக்க வாரவுககிட்ட எல்லாம் காட்டுவாரு.”

ஷட்டருக்குப் பக்கத்து வெளிச்சுவராம். ரத்தம் தெறித்துக் காய்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து குழாயில் காட்டிக் கழுவினேன். லேமினேஷன் என்பதால் உள்ளே இறங்கவில்லை, எழுத்து எல்லாம் தெளிவாக இருக்கிறது.

“1. செத்த நேரம். தம்பி வேலு உடம்பில் ரத்தம் இருக்கிறது என்று நிரூபித்துவிட்டான்.”

நான்தான் எழுதினேன் அதை. என்னை என்ன செய்தால் தகும் என்று தெரியவில்லை.

டிவியில் கீழே ஓடுகிறது. “முன்விரோதத்தில் ஒருவர் வெட்டிக் கொலை.” பெயர்கூடப் போடவில்லை. அவனையும் ஒருத்தர் ஆக்கிவிட்டார்கள்.

காலையிலிருந்து இன்பாக்ஸில் கேட்கிறீர்கள், செய்யச் சொன்னது யார் என்று. இந்த இடத்தில் பெயரை டைப் பண்ணினேன். இனிஷியலோடு. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டே வந்தவள், என் வலது கை விரல்களைப் பிடித்துக்கொண்டாள்... அழித்துவிட்டேன்.

ஒருத்தர்.

போய் வா வேலு. இந்த வருட லிஸ்டைத் திருத்திவிட்டேன், இந்தத் தடவை நடுவரையும் சேர்த்து. கடைசி இடம் எனக்குடா.