கார் செட்டுக்குள் ஒரு குழி

எங்கள் சித்தப்பாவுக்குக் கார் பைத்தியம். கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க் உத்தியோகம்; அந்த உத்தியோகத்துக்கும் காருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஆனாலும் பசுவந்தனை ரோட்டோரத்தில் இருந்த எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் ஓடாத பியட் கார் ஒன்றும், கயத்தாறில் ஏதோ ஒரு லாரிப் பட்டறைக்குப் பின்னால் கிடந்ததைக் கட்டி இழுத்து வந்த கூரையில்லாத ஜீப் ஒன்றும் நின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கழற்றுவார். அடுத்த ஞாயிறு மாட்டுவார். பருத்தி வெடிக்காமல் காய்ந்துபோன வருஷத்திலும் அவர் கார்ப்ரேட்டர் தேடி அலைந்ததைப் பார்த்துவிட்டு, குடல் கூழுக்கு அழுவுதாம், கொண்டை பூவுக்கு அழுவுதாம் என்று அம்மா முணுமுணுப்பாள். அவருக்குக் காதில் விழும். சிரித்துக்கொள்வார்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், அந்த இரண்டு வண்டிகளுக்கும் ஒரு செட்டுப் போட வேண்டும் என்று ஆரம்பித்தார். விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ரகசியத்தைக் கடைசிவரை முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டு கதை சொல்லும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. சித்தப்பாவுக்குத் தொடைச் சதை கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டு வந்தது. இன்னும் சில வருஷத்தில் நடை நின்றுபோகும், சக்கர நாற்காலிதான் என்று மதுரையில் டாக்டர் சொல்லியிருந்தார். இது ரத்தத்தில் வருகிற நோய் என்றும் சொல்லியிருந்தார். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

வீட்டில் ஒரு ஆளுக்கும் அவர் இதைச் சொல்லவில்லை. ஏனென்றால் எங்கள் அத்தைக்கு, அதாவது அவருடைய தங்கைக்கு, எட்டயபுரத்தில் மாப்பிள்ளை பேசி ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. குடும்ப நோய் என்று ஒரு சொல் வெளியே போனால் அந்தச் சம்பந்தம் நிற்காது. அப்புறம் வேறு சம்பந்தமும் வராது. எனவே தாலி ஏறும்வரை வாயைத் திறப்பதில்லை என்று இருந்தார். ஆனால் செட்டை இப்போதே போட்டாக வேண்டும், கால் போன பிறகு அவர் உட்கார்ந்தே வேலை பார்க்கத் தோதாகப் போட்டாக வேண்டும், அது அதற்காகத்தான் என்று யாருக்கும் தெரியவும் கூடாது. அந்த வருஷம் அவர் பட்ட பாடு இதுதான். எனக்கு இதில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது.

வீட்டுக்குக் கிழக்கே அப்பா மக்காச்சோளத் தட்டை அடுக்குகிற இடத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார். சித்தப்பா சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் ஒரு வாளியில் சுண்ணாம்புப் பொடியும் ஒரு நூல்கண்டும் எடுத்துக்கொண்டு அங்கே போவார். நூலின் ஒரு முனையைப் பிடிப்பது என் வேலை. கார் நிற்கிற இடத்துக்குப் பழைய டயர்களைப் போடுவோம். வெல்டிங் மிஷினுக்கு ஒரு கவிழ்த்த வாளி. கம்ப்ரஸருக்குத் தண்ணீர்க் குடம். அதற்கப்புறம் ஒரு மணைப்பலகையைக் கொண்டுவந்து நடுவில் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டிப் பார்ப்பார். கை எட்டின தூரத்தில் கோடு கிழிக்கச் சொல்வார். மறுநாள் ஆனி மாசத்து மேல்காற்று அடித்துக் கோடெல்லாம் கரிசல் புழுதியோடு போயிருக்கும். திரும்பவும் முதலில் இருந்து ஆரம்பிப்போம். எனக்கு அதில் கொள்ளை சந்தோஷம்.

கொத்தனார் வந்து வேலை ஆரம்பித்ததும்தான் வீட்டில் ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். வாசலில் நிலைப்படி வேண்டாம், தரை வெளியில் இருந்து சரிவாக வந்து சேரட்டும் என்று சித்தப்பா சொன்னதும் அம்மாவுக்கு ஆகவில்லை. படி இல்லாத வாசல் வீட்டுக்கு ஆகாது, ஒரு மழை பெய்தால் கரிசல் சகதி முழுக்க உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும், பூச்சிபொட்டு வேறு என்றாள். கார் படி ஏறாது மதினி என்றார் சித்தப்பா. வண்டியைச் சுற்றி இவ்வளவு இடம் எதற்கு, மாட்டு வண்டியைத் திருப்பலாம் போலிருக்கிறதே என்று அப்பா கேட்டார். கார்க் கதவைத் திறக்கணும்லா அண்ணே என்றார். ஸ்விட்சு போர்டு ஏன் இடுப்புக்குக் கீழே இருக்கிறது என்று வயர்மேன் கேட்டதற்கும் ஏதோ காரைத்தான் காரணம் சொன்னார். எது கேட்டாலும் காருக்கு, காருக்கு. வேலை மேஜையைத் தாழ்வாகக் கட்டச் சொன்னபோது மட்டும் நானே காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டேன். அது என் உயரத்துக்குச் சரியாக இருந்தது. சித்தப்பா எனக்காகத்தான் கட்டுகிறார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் அவரால் காரைச் சாட்சிக்குக் கூப்பிட முடியவில்லை. அது குழி. கார் பட்டறை என்றால் நடுவில் ஆள் இறங்கி நின்று, தலைக்கு மேல் வண்டியை நிறுத்தி வேலை பார்க்கிற குழி இருக்க வேண்டும் என்பது கயத்தாறு பக்கம் டிராக்டர் ரிப்பேருக்குப் போய்வந்த அப்பாவுக்கே தெரியும்.

"குழி இல்லாத பட்டறை எங்கனல உண்டு? மல்லாக்கப் படுத்தா வேலை பார்ப்ப?" என்று கேட்டார்.

வேண்டவே வேண்டாம், கரிசல் மண், மழைக்குத் தண்ணீர் ஊறிவிடும் என்று சித்தப்பா பிடிவாதமாகச் சொன்னார். அடியில் கெட்டியான சுக்கான் மண் தட்டுகிறவரை தோண்டிக் கல் கட்டிச் சிமெண்டு பூசினால் ஒரு சொட்டு ஊறாது என்று அப்பா சொன்னார். சித்தப்பா எழுந்து போய்விட்டார். எழுந்திருக்கும்போது தொடையில் கையை ஊன்றி, தன்மேலேயே தான் ஏறுகிற மாதிரி எழுந்தார். அத்தை வழக்கம்போல, கிழவன் எந்திரிச்சிட்டான் என்று கேலி பண்ணினாள்.

அப்பா வேறு மாதிரிப் புரிந்துகொண்டார். தம்பி கூச்சப்படுகிறான், இடம் கேட்டதே அதிகம் என்று நினைத்து, குழி வேண்டும் என்ற ஆசையை அடக்குகிறான் என்று அம்மாவிடம் சொன்னார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் பார்த்ததில்லை. பாசம் இல்லாமல் அல்ல, வெட்கம். அந்த ஆடியில், சாமான் வாங்க மதுரைக்குப் போகிறேன் என்று சித்தப்பா ஒரு வாரம் லீவு போட்டுக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அவர் பஸ் ஏறின மறுநாளே அப்பா ஆள் விட்டுக் குழி வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

அப்பாவை அவ்வளவு உற்சாகமாக நான் பார்த்ததே கிடையாது. கறுப்பு மண் போய்ச் சுக்கான் வந்தது. கல் கட்டினார்கள், பூசினார்கள். தம்பி தன்னைவிட உயரம், தலை இடிக்கக் கூடாது என்று அப்பா தானே உள்ளே இறங்கி நின்று, தன் தலைக்குமேல் ஒரு சாண் கூட்டி வெட்டச் சொன்னார். இடம் போதாததால் ஒரு ஓரத்தில் செங்குத்தாகப் படி வைத்தார்கள். எல்லாம் முடிந்ததும் பலகை போட்டு மூடி, மேலே சாக்கை விரித்தார். சித்தப்பா வந்ததும் நீ கூட்டிக்கொண்டு போய்க் காட்டு என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவர் வந்த நேரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டார்.

சித்தப்பா பையைக்கூட வைக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். சாக்கை நான் உருவினேன், பலகையை அவர் நகர்த்தினார். குனிந்து ஆழத்தைப் பார்த்தார். அண்ணனா வெட்டினாவ என்று கேட்டார். ஆமாம் என்றேன். உங்க தலை இடிக்கக் கூடாதுன்னு அப்பா உள்ள நின்னு அளந்தாவ என்று அளப்பதை நடித்துக் காட்டினேன். இறங்கிப் பாருங்க, இறங்கிப் பாருங்க என்று குதித்தேன். இறங்கிப் பார்த்தியா என்று அண்ணன் கேட்பாரே, அதற்கு என்ன சொல்வது என்று அவர் யோசித்திருக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார்.

உள்ளே நின்று சுவரைத் தடவிப் பார்த்தார். வேலை சுத்தம் என்றார். அப்புறம் படிக்கு வந்து காலைத் தூக்கி வைத்தார், எடுத்துவிட்டார். திரும்பவும் வைத்து, தொடையில் கையை ஊன்றினார். சுவரில் கையை ஊன்றலாமே தவிர, பிடித்து இழுத்து ஏற ஒன்றும் இல்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். காப்பி கொண்டு வா பாப்பா என்றார், கொண்டுவந்தேன். உட்கார்ந்தே குடித்தார். டார்ச் லைட்டுக் கேட்டார், அதையும் கொண்டுவந்தேன். வெளிச்சம் மங்கி வந்தது. கடைசியில், அப்பாவை மட்டும் மெதுவா கூட்டிட்டு வா என்றார்.

மெதுவாகவா? குழி அவருக்கு அவ்வளவு பிடித்துப் போய்விட்டது என்பதை நான் ஊருக்கே சொல்ல வேண்டாமா? வீடு முழுக்கக் கத்திக்கொண்டே ஓடினேன்: "சித்தப்பா குழியை விட்டு ஏறி வர மாட்டேங்காவ!"

அம்மாவும் அத்தையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாத முகத்தோடு என் பின்னால் வந்தார். குழி ஓரத்தில் நின்று, எப்படில இருக்கு என்று கேட்டார்.

"நல்லா இருக்குண்ணே," என்றார் சித்தப்பா. கொஞ்சம் பொறுத்து, "என்னால ஏற முடியல," என்றார்.

அப்பா முதலில் சிரித்தார். விளையாடாதல, வா என்றார். சித்தப்பா அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார். அப்பா குழிக்குள் இறங்கினார். பக்கத்தில் உட்கார்ந்தார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு ரொம்பத் தணிந்த குரலில் என்னவோ சொன்னார். அதற்கப்புறம் அப்பா முதுகைக் காட்டிக் குனிந்தார். சித்தப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டார். அந்தச் செங்குத்துப் படியில் அப்பா அவரை முதுகில் சுமந்துகொண்டு, மூச்சு வாங்க, சுவரில் கையைக் கொடுத்துக் கொடுத்து ஏறி வந்தார். பெரிய ஆட்கள் இரண்டு பேர் உப்புமூட்டை விளையாடுகிறார்கள் என்று நான் கைதட்டினேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அப்பா சொன்னார். அப்படி ஒரு முகத்தோடு அவர் என்னிடம் பேசினதே இல்லை, அதனால் நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை நான் எழுந்து போனபோது செட்டுக்குள் அப்பா மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய், வாசல் சரிவு செங்குத்தாக இருக்கிறது, இன்னும் நீட்டிக் கட்ட வேண்டும் என்று கொத்தனாரிடம் சொன்னார். சுவர் ஓரமாகக் கைப்பிடிக் குழாய் ஒன்று வைக்கச் சொன்னார். அது எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, காருக்குத்தான் என்றார். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

குழியை மூடச் சொன்னதும்தான் வீட்டில் பூகம்பம். ஊற்று எடுக்கிறது என்றார் அப்பா. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, எல்லாரும் எட்டிப் பார்த்தோம். ஒரு வாரம் ஆள் விட்டு வெட்டி, எட்டாம் நாள் ஆள் விட்டு மூடுகிற மனுஷனை எங்கேயாவது பார்த்ததுண்டா என்று அம்மா வருகிறவர்களிடம் எல்லாம் கேட்டாள். டீக்கடையிலும் அதே பேச்சுத்தான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அப்பாவின் பெயர் கொஞ்ச நாளைக்குக் குழிக்காரர் என்றே ஆகிப்போனது. ரோஷக்காரர், ஒரு சொல் பொறுக்க மாட்டார். அத்தை கழுத்தில் தாலி ஏறும்வரை அத்தனையும் பொறுத்துக்கொண்டார்.

அத்தை கல்யாணம் ஆவணியில் நல்லபடியாக நடந்தது. விஷயம் பிறகு ஒவ்வொருவருக்கும் தெரிந்து, எனக்குத் தெரிய இன்னும் சில வருஷம் ஆயிற்று. சித்தப்பா இப்போதும் அந்தச் செட்டில்தான் இருக்கிறார். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, நாற்காலியை உருட்டிக்கொண்டு நாலு பக்கமும் போய்வருகிறார். பியட் ஓடுகிறது. ஜீப் இன்னும் ஓடவில்லை, அதற்கு அவர் காலைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது குழியை மூடின நாள்தான். அப்பா ஆட்களைப் போகச் சொல்லிவிட்டுக் கடைசி வண்டிக் கிராவல் மண்ணைத் தானே வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். சித்தப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு நாளாக அப்பாவோடு பேசவில்லை. ஏறி வரவே மனசில்லாத அளவுக்குத் தம்பிக்குப் பிடித்துப்போனதைப் பார்த்து, பொறாமையில் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குகிறார் என்று தீர்மானமாக நம்பினேன். சித்தப்பா பக்கத்தில் போய் நின்று, அவர் தோளில் கையைப் போட்டு, அப்பா காதில் நன்றாக விழட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்:

"நீங்க வருத்தப்படாதீங்க சித்தப்பா. நான் பெரியவளானதும் இதைவிட ஆழமா ஒண்ணு வெட்டித் தாரேன். நீங்க உள்ளேயே இருக்கலாம்."

சித்தப்பா, சரி பாப்பா என்றார். அப்பாவின் மண்வெட்டி நின்றது. அவர் எங்களைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு நின்றார். என் பேச்சு அவருக்கு உறைத்துவிட்டது, நல்லா வேணும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.